சிப்பிக்குத் தடைக்காலம், ஊருக்குச் சிப்பித் திருவிழா: விட்ஸ்டபிளில் நடப்பது என்ன?

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ட் கவுண்டியின் வடகரையில், தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தைப் பார்த்தபடி இருக்கும் சிறு நகரம் விட்ஸ்டபிள். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆய்ஸ்டர் எனப்படும் உணவுச் சிப்பிக்குப் பேர்போன ஊர். மரபாக ஜூலை 25-ஐ ஒட்டிய நாட்களில் இங்கே சிப்பித் திருவிழா நடந்து வந்திருக்கிறது. படகிலிருந்து சிப்பிக் கூடைகளைக் கரையிறக்குவார்கள், பாதிரியார் கடலை ஆசீர்வதிப்பார், ஊர்வலம் போகும், சேற்றில் கயிறு இழுப்பார்கள், தெருவெல்லாம் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும்.

இந்த ஊரைப் பற்றி வரும் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒரு செய்தி, மக்கள் வரிசையில் நின்று பச்சைச் சிப்பியை எலுமிச்சைச் சாறு விட்டு விழுங்குகிறார்கள் என்கிறது. இன்னொன்று, இங்கிலாந்துச் சட்டப்படி ஜூலையில் நாட்டுச் சிப்பி விற்கக் கூடாது என்கிறது. மூன்றாவது, அதே கடலில் கழிவுநீர் திறந்துவிடப்பட்டதால் குளிக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. மூன்றும் உண்மை. மூன்றும் ஒரே கரையில், ஒரே மாதத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதற்கான விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் சிப்பி

தமிழில் சிப்பி என்றதும் முத்துச் சிப்பிதான் நினைவுக்கு வரும். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்து எடுத்தது வேறு குடும்பத்தைச் சேர்ந்த உயிரி. இங்கே பேசுவது உணவுச் சிப்பியை. அதில் யாரும் முத்துத் தேடுவதில்லை. ஓட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சதையை அதன் உப்பு நீரோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள், பெரும்பாலும் பச்சையாக.

விட்ஸ்டபிளில் கிடைப்பவை இரண்டு வகை. இந்த இரண்டையும் பிரித்தறிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

1. நாட்டுச் சிப்பி. ஐரோப்பியக் கடல்களுக்கே உரியது. தட்டையாக, வட்ட வடிவில் இருக்கும். சந்தைக்கு வரும் அளவுக்கு வளர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். விலை அதிகம். ரோமானியர்கள் விரும்பி உண்டதும், விட்ஸ்டபிளுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் இதுதான்.

2. பசிபிக் சிப்பி. கடைகளில் பாறைச் சிப்பி என்ற பெயரில் விற்பார்கள். நீளமாக, ஓரம் சுருண்டு, கரடுமுரடாக இருக்கும். பூர்வீகம் ஜப்பானை ஒட்டிய கடல். இரண்டு மூன்று ஆண்டுகளில் வளர்ந்துவிடும். பிரிட்டனில் 1960-களில் அரசின் மீன்வள விஞ்ஞானிகளே வளர்ப்புக்கென்று கொண்டுவந்தார்கள்.

இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு இனப்பெருக்க முறையில் இருக்கிறது. பசிபிக் சிப்பி முட்டையையும் விந்தையும் கடல் நீரில் விட்டுவிடும், கருத்தரிப்பு வெளியே நடக்கும். நாட்டுச் சிப்பி அப்படிச் செய்வதில்லை. முட்டையைத் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்துக் கருவாக்கி, லார்வாக்களை ஒரு வாரத்துக்கும் மேலாகச் சுமந்து, பிறகுதான் வெளியே விடும். கோடையில் கடல் நீர் வெதுவெதுப்பானதும் இது தொடங்கும். அந்தச் சமயத்தில் சிப்பியைத் திறந்தால் உள்ளே முதலில் பால் போல வெள்ளையாக, பிறகு சாம்பல் நிறமாக, கடைசியில் ஓடு வளரத் தொடங்கிய லார்வாக்களால் கருநிறமாக இருக்கும். வாயில் வைத்தால் மணல் போல நறநறக்கும். சாப்பிடவும் நன்றாக இராது, ஒன்றைத் தின்றால் லட்சக்கணக்கான குஞ்சுகளும் சேர்ந்தே அழியும்.

## தடைக்காலமும் திருநாளும்

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருப்பதன் நோக்கம் எதுவோ, நாட்டுச் சிப்பியின் தடைக்காலத்தின் நோக்கமும் அதுவே. பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டு ஓட்டுடலி மீன்வளச் சட்டம், மே 14 முதல் ஆகஸ்ட் 4 வரை நாட்டுச் சிப்பியை விற்பனை செய்யத் தடை விதிக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்து வராத மாதங்களில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, சிப்பி சாப்பிடக் கூடாது என்று அங்கே வழங்கும் பழைய வழக்கும் இதையே சொல்கிறது.

அப்படியானால் தடைக்காலத்தின் நடுவில் ஏன் திருவிழா வைத்தார்கள்?

ஜூலை 25 கிறித்தவ நாட்காட்டியில் புனித யாக்கோபின் திருநாள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்ரீகர்கள் இவருடைய அடையாளமாக ஒரு சிப்பி ஓட்டை அணிந்துகொள்வார்கள். சிப்பித் தொழிலாளர்களும் இவரைத் தங்கள் காவலராகக் கொண்டார்கள். மீன்பிடி ஊரில் வலை இறக்க வழியில்லாத வாரங்களில்தானே கொண்டாட நேரம் கிடைக்கும். வருகிற பருவம் நன்றாக இருக்கட்டும் என்று கடலை ஆசீர்வதிக்க, பருவம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய நாட்களைவிடப் பொருத்தமான காலமும் இல்லை. ஆக, பழைய திருவிழா சிப்பி தின்பதற்கானது அல்ல, சிப்பிக்காக வேண்டிக்கொள்வதற்கானது. இந்த வேறுபாடு முக்கியமானது. இன்றைய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதில் நாட்காட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. 1752-இல் பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டுக் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது 11 நாட்களை ஒரேயடியாகத் தாண்டியது. பழைய கணக்கின் ஜூலை 25, புதிய கணக்கில் ஆகஸ்ட் 5 ஆனது. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் சிப்பிப் பருவம் தொடங்கும் நாளாக மக்கள் கொண்டாடியது இந்த ஆகஸ்ட் 5-ஐத்தான். ஏழைச் சிறுவர்கள் தெருவோரத்தில் தின்று போட்ட சிப்பி ஓடுகளை அடுக்கிச் சிறு குகை போலக் கட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, போவோர் வருவோரிடம் காசு கேட்பார்கள். விட்ஸ்டபிள் கடற்கரையில் ஓட்டுக் குகை கட்டும் வழக்கம் திருவிழாவில் இன்னும் இருக்கிறது. தடைக்காலம் ஆகஸ்ட் 4-இல் முடிவதையும் பழைய திருநாள் ஆகஸ்ட் 5-இல் வருவதையும் சேர்த்துப் பார்த்தால், கொண்டாட்டமும் அறுவடையும் ஒருகாலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது புரியும். 11 நாள் நகர்ந்த பிறகு தேவாலய நாட்காட்டி ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமுமாக நின்றுவிட்டன.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர்கள் உள்ளன. அயர்லாந்தின் கால்வே சிப்பித் திருவிழா 1954 முதல் செப்டம்பரில், பருவம் தொடங்கும்போது நடக்கிறது. தேம்ஸ் கழிமுகத்துக்கு வடக்கே உள்ள கோல்செஸ்டரின் சிப்பி விருந்து அக்டோபரில். கார்ன்வாலின் ஃபால்மத் விழாவும் அக்டோபரில்தான். இந்த மூன்றும் சிப்பியின் காலத்தைப் பின்பற்றுகின்றன. விட்ஸ்டபிள் விழா திருநாளைப் பின்பற்றியது. 1980-களில் புத்துயிர் பெற்றபோது கோடை விடுமுறைக் கூட்டமும் அதே நாட்களில் வந்து சேர்ந்தது. வருகிற கூட்டம் வேண்டிக்கொள்ள வருவதில்லை, சாப்பிட வருகிறது. அதற்குப் பரிமாறச் சிப்பி வேண்டும்.

## தட்டில் இருப்பது எது?

ஜூலையில் தட்டில் இருப்பது பசிபிக் சிப்பி. தடைக்காலச் சட்டம் அதைத் தொடுவதில்லை. சட்டப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் விழாவின் பெயர், கதை, படங்கள் எல்லாம் நாட்டுச் சிப்பியைச் சுற்றியே இருக்கின்றன. வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் உண்பது வேறு இனம் என்று தெரியும் என்பது நியாயமான கேள்வி.

பசிபிக் சிப்பியும் கோடையில் முட்டை விடும், சதை பால் போலத் தளர்ந்துவிடும் என்பதால் அதையும் ஒரு வழியில் மாற்றியிருக்கிறார்கள். சாதாரணச் சிப்பியின் உயிரணுவில் குரோமோசோம் தொகுதி இரண்டு இருக்கும். நான்கு தொகுதி கொண்ட ஆணையும் இரண்டு தொகுதி கொண்ட பெண்ணையும் கலந்தால் மூன்று தொகுதி கொண்ட சிப்பி பிறக்கும். அது ஏறக்குறைய மலடு. முட்டைக்குப் போகும் சத்தெல்லாம் சதைக்குப் போவதால் வேகமாக வளரும், ஆண்டு முழுவதும் கொழுத்திருக்கும். வேறு உயிரினத்தின் மரபணுவை இதில் நுழைப்பதில்லை. விதையில்லாத் தர்பூசணியை உருவாக்குவதும் இதே கணக்கில்தான். கோடைத் திருவிழாக்களுக்கு ஜூலையில் தரமான சிப்பி கிடைப்பதற்கு இந்த வகையே பெரிய காரணம்.

நாட்டுச் சிப்பி எங்கே போனது என்று கேட்டால், அது நீண்ட கதை. விட்ஸ்டபிளின் சிப்பித் தொழிலாளர்கள் 1793-இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தங்களைக் கூட்டு நிறுவனமாக அமைத்துக்கொண்டார்கள். உறுப்புரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வாரலாம் என்று அவர்களே அளவு வைத்தார்கள். விலையும் விழாது, படுகையும் காலியாகாது. 1830-இல் கான்டர்பரியிலிருந்து விட்ஸ்டபிளுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது, உலகின் முதல் பயணிகள் ரயில் பாதைகளில் ஒன்று. 1832-இல் துறைமுகம் வந்தது. லண்டன் சந்தைக்குப் படகுகள் சிப்பியைக் கொண்டுபோய்க் குவித்தன. அன்று அது ஏழைகளின் உணவு. 1890-இல் கட்டப்பட்ட 'ஃபேவரிட்' என்ற சிப்பிப் படகை இன்றும் கடற்கரையோரம் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

பிறகு அடிமேல் அடி. அளவுக்கு மீறிய அறுவடை, 1920-களின் தொடக்கத்தில் கூட்டம் கூட்டமாகச் சாகடித்த நோய், கடுங்குளிர்காலங்கள், 1953 ஜனவரி இறுதியில் வந்த பெருவெள்ளம். படகுகளின் அடியில் பூசிய டிபிடி என்ற நச்சு வண்ணம் சிப்பிகளைப் பாதித்ததால் 1987-இல் சிறு படகுகளுக்கு அது தடை செய்யப்பட்டது. 1982-இல் போனாமியா என்ற ஒட்டுண்ணி இங்கிலாந்துக் கடலுக்கு வந்தது. மனிதருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, நாட்டுச் சிப்பிக்கோ அது எமன். தொழில் நின்று போகாமல் காத்தது பசிபிக் சிப்பிதான் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதற்கும் 2010 கோடையில் சோதனை வந்தது: விட்ஸ்டபிள் பகுதிப் பசிபிக் சிப்பிகளை ஒரு வகை ஹெர்பெஸ் வைரஸ் பெருமளவில் கொன்றது.

பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்தபோது, பிரிட்டனின் குளிர்ந்த கடலில் அது தானாகப் பெருகாது என்று நம்பினார்கள். கடல் வெப்பமானதும் அந்த நம்பிக்கை பொய்த்தது. பண்ணையிலிருந்து தப்பிய லார்வாக்கள் கரையெங்கும் ஒட்டிக்கொண்டன. அதே கென்ட் கரையில், சற்றுக் கிழக்கே தானெட் பகுதியின் பாதுகாக்கப்பட்ட கடலோரத்தில், தன்னார்வலர்கள் சுத்தியலோடு இறங்கி இந்தச் சிப்பிகளை உடைத்து வருகிறார்கள். அங்கே ஊடுருவிய இனம், இங்கே விழா உணவு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மலட்டு வகையை மட்டும் வளர்ப்பது இதற்கு ஓரளவு விடை என்பது என் கருத்து. ஓரளவுதான், ஏனென்றால் ஏற்கெனவே பரவியவை தாமாகவே பெருகிக்கொண்டிருக்கின்றன.

## கழிவுநீர் எங்கிருந்து வருகிறது?

இனி மூன்றாவது செய்தி. இதுதான் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

சிப்பி உணவைத் தேடிப் போவதில்லை. இருந்த இடத்திலேயே நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்று, நீரை வெளியே விடும். வளர்ந்த சிப்பி ஒரு நாளைக்கு 200 லிட்டர் வரை வடிகட்டும். நீரைத் தெளிவாக்குவதால் கடலுக்கு அது பேருதவி. ஆனால் நீரில் மலக்கழிவு கலந்திருந்தால் அதிலுள்ள பாக்டீரியாவும் வைரசும் சிப்பியின் உடலில் சேரும். மீனை வேகவைத்து, குடலை நீக்கிச் சாப்பிடுகிறோம். சிப்பியைக் குடலோடு பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். எனவே ஒரு கடற்கரையின் நீர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அதன் சிப்பியும் இருக்கும்.

இங்கிலாந்தின் பல ஊர்களில் மழைநீருக்கும் வீட்டுக் கழிவுநீருக்கும் ஒரே குழாய். சாதாரண நாளில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். விட்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் ஸ்வேல்கிளிஃபில் அப்படி ஒரு நிலையம் உள்ளது. பெருமழையில் குழாய் நிரம்பினால் கழிவுநீர் வீடுகளுக்குள் பின்னோக்கி ஏறிவிடும். அதைத் தடுக்கக் குழாயில் உபரித் திறப்புகள் வைத்திருக்கிறார்கள். அவை வழியே மழைநீரும் கழிவும் கலந்து சுத்திகரிக்கப்படாமலே ஆற்றிலோ கடலிலோ போய் விழும். அசாதாரண மழைக்கென்று அனுமதிக்கப்பட்ட ஏற்பாடு இது. மக்கள்தொகை கூடி, தரையெல்லாம் தார்ச்சாலையும் கான்கிரீட்டுமாகி, முதலீடு பின்தங்கியபோது அசாதாரணம் அன்றாடமாயிற்று.

இதைத் தாண்டியும் ஒன்று நடந்தது. கென்ட் பகுதியின் கழிவுநீரைக் கையாளும் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு 2021 ஜூலையில் கான்டர்பரி நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. 2010 முதல் 2015 வரை கென்ட், ஹாம்ப்ஷயர், மேற்கு சஸ்ஸெக்ஸ் கரைகளில் 17 இடங்களிலிருந்து 6,971 முறை சட்டவிரோதமாகக் கழிவுநீரைத் திறந்துவிட்டதை நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பெருமழையைச் சாக்காகச் சொல்ல முடியாத திறப்புகள் இவை. அதே ஆண்டு விட்ஸ்டபிளில் கடலில் நீந்துவோர் ஒன்றுகூடி 'எஸ்ஓஎஸ் விட்ஸ்டபிள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மக்களை வரவேற்கும் விழா ஊரில், மக்கள் கடற்கரையில் பதாகையோடு நிற்கும் காட்சி செய்தியானது இப்படித்தான்.

## அப்படியானால் சாப்பிடலாமா?

சிப்பி வளரும் கடற்பரப்புகளை உணவுத் தர அமைப்பு வகைப்படுத்துகிறது. அளவுகோல், 100 கிராம் சதையில் எத்தனை ஈ. கோலி பாக்டீரியா என்பது.

1. 'ஏ' வகை: மாதிரிகளில் ஐந்தில் நான்கு பங்காவது 230-க்குள் இருக்க வேண்டும், எதுவும் 700-ஐத் தாண்டக் கூடாது. நேராக விற்கலாம்.

2. 'பி' வகை: பத்தில் ஒன்பது மாதிரிகள் 4,600-க்குள். விற்பதற்கு முன் சுத்திகரிக்க வேண்டும். இங்கிலாந்தின் வளர்ப்புப் பரப்புகளில் பெரும்பாலானவை இந்த வகை.

3. 'சி' வகை: 46,000-க்குள். இரண்டு மாதமாவது தூய நீரில் இடம்மாற்றி வளர்க்க வேண்டும், அல்லது வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும்.

அதற்கு மேல் போனால் அறுவடையே கூடாது.

சுத்திகரிப்பு என்றால், புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கிய கடல்நீர் சுழலும் தொட்டியில் சிப்பிகளை வைப்பது. பிரிட்டனில் வழக்கமாக 42 மணி நேரம். அந்த நேரத்தில் சிப்பி தூய நீரை வடிகட்டித் தன் குடலைத் தானே கழுவிக்கொள்ளும். ஈ. கோலி போன்ற பாக்டீரியாவுக்கு இது நன்றாக வேலை செய்கிறது.

நோரோவைரசிடம் இது அவ்வளவாகப் பலிப்பதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்த வைரஸ் சிப்பியின் குடல் திசுவிலேயே ஒட்டிக்கொள்ளும், 42 மணி நேரத்தில் கழன்றுவிடாது. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்புப் பரப்புகளிலிருந்து எடுத்த சிப்பி மாதிரிகளில் 76 விழுக்காட்டில் நோரோவைரசின் தடயம் இருந்தது. இந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சோதனை வைரசின் மரபுப் பொருளைத்தான் கண்டுபிடிக்கும், அது நோய் உண்டாக்கும் நிலையில் இருக்கிறதா என்று சொல்லாது. மேலும், நோரோவைரஸ் குளிர்காலத்தில்தான் அதிகம். கோடை விழாவில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் விழாவுக்கு முந்தைய நாட்களில் பெருமழை பெய்து உபரித் திறப்புகள் திறந்தால் கணக்கு மாறும். வெதுவெதுப்பான நீரில் பெருகும் விப்ரியோ வகைப் பாக்டீரியாவும் கோடையின் கவலை. கருவுற்றவர்கள், முதியோர், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்பு குன்றியவர்கள் பச்சைச் சிப்பியைத் தவிர்ப்பதே நல்லது. நன்றாக வேகவைத்தால் இந்த அச்சங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாடுகள் காகிதத்தில் சுலபமாக வந்தவை அல்ல. 1902 நவம்பரில் வின்செஸ்டரிலும் சவுத்தாம்டனிலும் நடந்த இரண்டு நகராட்சி விருந்துகளில் சிப்பி பரிமாறப்பட்டது. பலருக்கு டைஃபாய்டு வந்தது, சிலர் இறந்தார்கள். வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவும் அவர்களில் ஒருவர். சிப்பி வந்தது எம்ஸ்வொர்த் என்ற தென்கரை ஊரிலிருந்து. ஊரின் புதிய கழிவுநீர்க் குழாய்கள் சிப்பிப் படுகையின் மேலேயே திறந்திருந்தன. எம்ஸ்வொர்த்தின் சிப்பித் தொழில் அதோடு படுத்தது. சிப்பிக்காரர்கள் செய்த தவறு அதில் ஒன்றும் இல்லை. குழாயை அமைத்தவர்கள் வேறு, பிழைப்பை இழந்தவர்கள் வேறு. 120 ஆண்டுக்குப் பிறகு விட்ஸ்டபிளிலும் இந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மழை பெய்து திறப்புத் திறந்தால் அறுவடையை நிறுத்துவது சிப்பிக்காரர், விழாவில் கடையை மூடுவது உள்ளூர் வியாபாரி, நோய்ப்பட்டால் பெயர் கெடுவது ஊர்.

## விழா ஊருக்கு என்ன செய்கிறது?

கோடை வார இறுதியில் கூடும் கூட்டத்தால் விடுதி, உணவகம், ஐஸ்கிரீம் கடை எல்லாம் பிழைக்கின்றன. குளிர்காலத்தில் வியாபாரம் மந்தமான கடற்கரை ஊருக்கு இது சிறிய விஷயமல்ல. பள்ளிக் குழந்தைகள் ஊர்வலத்துக்கு வேடம் தயாரிப்பதும், தேவாலயமும் சாரணர் குழுவும் கடை போடுவதும் ஊரை ஒன்றுகூட்டும் வேலை. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

சிக்கல், விழா வளரும்போது வருகிறது. சாலை அடைப்பு, குப்பை, கழிப்பறை, பாதுகாப்பு ஆட்கள், காப்பீடு என்று செலவு கூடும். தன்னார்வலர்களால் தாங்க முடியாமல் நிகழ்ச்சி நடத்தும் நிறுவனங்கள் கைக்கு விழா போகும். கடை வாடகை ஏறும், ஏறிய வாடகையை வெளியூர் பர்கர் வண்டியால் தர முடியும், உள்ளூர் மீன் கடையால் தர முடியாது. விட்ஸ்டபிளிலும் நடத்துவோர், நாட்கள், வடிவம் என்று பலவும் மாறியிருக்கின்றன. லண்டனிலிருந்து வந்து வீடு வாங்குவோரைச் சுட்ட 'டிஎஃப்எல்' என்று ஒரு சுருக்கப் பெயரே ஊரில் புழங்குகிறது. மீனவர் குடிசைகள் விடுமுறை வீடுகளாகும்போது, திருவிழாவில் கயிறு இழுக்க ஊர்க்காரர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருக்கிறது.

மேலே சொன்ன எம்ஸ்வொர்த்திலேயே 2001 முதல் 2007 வரை ஓர் உணவுத் திருவிழா நடந்தது. நாட்டின் மிகப் பெரிய உணவு விழாக்களில் ஒன்றாக வளர்ந்தது. கூட்டம் ஊர் கொள்ளாமல் போய், குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்து, அத்தோடு நின்றது. கூட்டம் குறைந்ததால் நின்ற விழா அல்ல, கூடியதால் நின்ற விழா.

## இனி கவனிக்க வேண்டியவை

1. நீர். இங்கிலாந்தில் எல்லா உபரித் திறப்புகளிலும் 2023 இறுதிக்குள் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது. எப்போது, எவ்வளவு நேரம் திறந்தது என்பது இப்போது தெரிகிறது. எவ்வளவு நீர் போனது என்பதை இந்தக் கருவி சொல்லாது. அரசின் திட்டப்படி குளிக்கும் கடற்கரைகளுக்கு 2035 இலக்கு, எல்லாத் திறப்புகளுக்கும் 2050. ஒரு நாட்டுச் சிப்பி சந்தைக்கு வளர ஐந்து ஆண்டு என்றால், 2050-க்குள் ஐந்து தலைமுறைச் சிப்பிகள் வந்து போயிருக்கும். இந்தக் கால அளவு மிக நீண்டது.

2. நாள். விழாவைச் செப்டம்பருக்கோ அக்டோபருக்கோ நகர்த்தினால் நாட்டுச் சிப்பியையே பரிமாறலாம், கால்வேயும் ஃபால்மத்தும் அதைச் செய்கின்றன. கோடைக் கூட்டம் வராது, குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியிருக்கும். கடலை ஆசீர்வதிக்கும் சடங்கை ஜூலை 25-இலேயே ஊர் அளவில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு விழாவைப் பருவத்துக்கு மாற்றலாம் என்பது என் எண்ணம். பழைய வழக்குக்கும் அது அதிக நெருக்கம்.

3. பெயர்ப்பலகை. எந்த இனம், எந்தக் கடற்பரப்பு, எந்த நாள் அறுவடை என்று ஒவ்வொரு கடையும் எழுதி வைப்பதற்குச் செலவு அதிகமில்லை. ஓட்டுடலிகளை விற்பவர்கள் அறுவடைப் பரப்பின் விவரத்தை ஆவணமாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே கேட்கிறது. அதைச் சாப்பிடுகிறவர் கண்ணில் படும்படி வைத்தால் போதும்.

4. ஓடு. நாட்டுச் சிப்பியின் லார்வா நீந்தித் திரிந்து கடைசியில் ஒட்டிக்கொள்ளத் தேடுவது இன்னொரு சிப்பியின் ஓட்டை. வெறும் சேற்றில் அது பிழைக்காது. தேம்ஸ் கழிமுகத்தின் வடகரையில், எசெக்ஸ் ஆற்று முகங்களில், 2013-இல் அறிவிக்கப்பட்ட கடல் பாதுகாப்பு மண்டலத்துக்குள் நாட்டுச் சிப்பியை மீட்கும் குழு கடலடியில் ஓடு கொட்டிப் படுகை உருவாக்குகிறது. விழாவில் தின்று போடும் ஓடுகளை நேராகக் கடலில் வீசக் கூடாது, நோய் பரவும். பல மாதங்கள் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்து சதையும் கிருமியும் போன பிறகு இறக்கலாம். ஒரு வார இறுதி விழாவில் சேரும் ஓடு டன் கணக்கில் இருக்கும். ஜூலையில் பசிபிக் சிப்பி தின்றவர்கள் விட்டுச் சென்ற ஓட்டில் அடுத்த ஆண்டு நாட்டுச் சிப்பிக் குஞ்சு ஒட்ட முடியும். அதற்குத் தேவை ஓட்டைத் தனியாகச் சேர்க்கும் தொட்டிகள், உலர்த்தி வைக்க ஒரு திடல், இறக்க ஒரு அனுமதி.